தோள் தப்பியது, காது மாட்டியது: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் .308 வேட்டைத் துப்பாக்கி தோளில் பலமாக உதைத்தது. குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் (muzzle brake) வாங்கி மாட்டினேன், உதை குறைந்துவிட்டது. ஆனால் சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுகிறார். (டெக்சாஸ்)

பதில்: போகாமல் என்ன செய்வார்? தோட்டாவுக்குப் பின்னால் வெடிவாயுவும் முன்பக்கம் பீய்ச்சி அடிக்கிறது. உதையில் ஒரு பங்கு அதனால் வருவதுதான். பிரேக் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் திருப்பிவிடுகிறது. அதோடு சத்தமும் திரும்பி உங்களுக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் வந்து சேர்கிறது. 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம். உங்கள் துப்பாக்கி பிரேக் இல்லாமலே 160-ஐத் தாண்டும்.

பெட்டியில் 'உதை பாதி' என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு, சத்தம் எவ்வளவு கூடும் என்று ஒரு வரி போட மட்டும் இடம் கிடைப்பதில்லை. வருஷக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கனமான துப்பாக்கியும் தோளில் வைக்கும் கட்டையின் முனையில் தடித்த ரப்பர் பட்டையும் இருந்தால், சத்தம் கூடாமலே உதை குறையும். ஆனால் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், லாபம் பிரேக்கில் அல்லவா இருக்கிறது!

பிரேக்கைக் கழற்ற மனமில்லையென்றால் காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் காதை மூடும் இயர்மஃப், இரண்டும் போடுங்கள். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டிகளில் போட்டிருக்கும் 33-ம் 25-ம் சேர்ந்து 58 ஆகிவிடாது, ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும். மலிவு இயர்மஃப் வேண்டாம். நான் வாங்கியதில் மூக்குக்கண்ணாடிக் காம்பு பட்ட இடத்தில் மெத்தை விலகி நிற்கும், சத்தமெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் வரும்.

கேள்வி: 90 டாலருக்கு ஃபிளாஷ் ஹைடர் வாங்கினேன். உதை அப்படியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அது குழல் முனையில் தெரியும் தீச்சுடரைக் குறைக்கிற சாமான். பெட்டியைப் படித்துவிட்டு வாங்கியிருக்கலாம்.

கேள்வி: சைலன்சர் போட்டால் சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று மட்டும் கேட்குமா?

பதில்: கேட்காது. 20 முதல் 30 டெசிபல் வரை குறையும், உதையும் கொஞ்சம் தணியும். ஒலியை விட வேகமாகப் போகிற தோட்டாவின் 'படீர்' சத்தத்தை எந்தச் சைலன்சரும் தடுக்க முடியாது. சைலன்சருக்கு அமெரிக்காவில் 1934-இல் வந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் பதிவும் கைரேகையும் பழையபடியேதான். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வாங்கவே முடியாது.

கேள்வி: துப்பாக்கி துடைக்கும் கிட் என்று வெளிநாட்டு இணையதளத்தில் 60 டாலருக்கு வாங்கினேன். அது சைலன்சர் பாகம், ஜெயில் வரும் என்கிறார் நண்பர். பயமாக இருக்கிறது.

பதில்: நண்பர் சொல்வது மிகையல்ல. சைலன்சர் செய்வதற்கான பாகத்தையும் அமெரிக்கச் சட்டம் சைலன்சராகவே பார்க்கிறது, பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. துடைக்கிற சாமான் என்று சொல்லி விற்றவன் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான், மாட்டிக்கொண்டது நீங்கள். அதைத் துப்பாக்கியில் மாட்டிப் பார்க்காதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆர்டர் ரசீதும், அந்தத் தளத்தில் 'துடைக்கும் கிட்' என்று போட்டிருந்த பக்கத்தின் படமும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். எந்தப் பிரேக் நல்லது?

பதில்: பிரேக் இருக்கட்டும். வேட்டை லைசென்ஸ் மாதிரி சட்டம் சொல்லும் விலக்கு ஏதாவது இருந்தால் ஒழிய, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேர்த்தி.