கிழமைக் கட்டுக்காசும் ஒன்பது மாதப் பப்பாசியும்

கேள்வி: எனக்கு வயது 24. ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் கிணறும் இருக்கின்றன. கொழும்பில் மேசன் வேலை செய்து சேர்த்த மூன்று இலட்சம் ரூபா கையில் உண்டு. இனி ஊரோடு இருக்கத்தான் விருப்பம். ஒரு ஏக்கருக்கும் பப்பாசி நட்டு, சொட்டு நீர்க் குழாயும் பூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கையில் இருப்பதைக் கொடுத்தால் மிச்சத்தைக் கிழமைக் கட்டாகக் கட்டலாமாம். அம்மா ஆடு வாங்கச் சொல்கிறா. எதைச் செய்யலாம் ஐயா?

பதில்: தம்பி, பப்பாசியா ஆடா என்பதை அப்புறம் பார்ப்போம். கிழமைக் கட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் பயம். ரெட் லேடி போன்ற கலப்பினக் கன்று நட்டு முதல் பழம் பிடுங்க எட்டு, ஒன்பது மாதம் போகும். அதற்குள் முப்பத்தைந்து கட்டுக்கு மேல் கட்டி முடித்திருப்பீர்கள். எங்கிருந்து? வன்னியில் தோட்டத்தைக் கைவிட்ட பெடியள் பலரை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் பயிர் அழியவில்லை. பயிர் பச்சையாக நிற்கும்போதே கைச்செலவுக்கு வழியில்லாமல் திரும்பவும் கொழும்பு பஸ் ஏறினார்கள். அதனால் ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் எந்த மாதம் காசு வரும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நடுகிற மாதத்தை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

பப்பாசிக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையோடு நட்டால் ஆனி, ஆடியில் காய் நிறைந்து நிற்கும். அதுதான் சோளகம் வீசுகிற காலம். கிணறும் இறங்கிக்கொண்டு போகும். இரண்டரை மீற்றர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 640 மரம். அத்தனைக்கும் புரட்டாதி வரை தண்ணீர் கொடுக்க உங்கள் கிணற்றால் முடியுமா? குழாய் பூட்டுகிறவர் அதைக் கேட்டிருக்கமாட்டார். நீங்களே பாருங்கள். ஆவணி கடைசியில் ஒரு நாள் காலையில் கல் கட்டிய கயிற்றை விட்டு நீர்மட்டத்தை அளந்து முடிச்சுப் போடுங்கள். இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடவிட்டு, எவ்வளவு இறங்கியது, பழைய முடிச்சுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று குறியுங்கள். அடுத்த நாள் காலையிலும் வந்து சேராவிட்டால், அந்த இறைப்பே உங்கள் கிணற்றுக்கு அதிகம்.

மாரியிலும் ஆபத்து உண்டு. ஒருமுறை நானே சமநிலத்தில் 60 கன்று நட்டேன். கார்த்திகை மழைத் தண்ணீர் இரண்டு நாள் வற்றாமல் நின்றது. அதற்குப் பிறகு என்னிடம் பன்னிரண்டு மரம்தான் மிஞ்சியது. பப்பாசி வேருக்கு நிற்கிற தண்ணீர் ஆகவே ஆகாது. உயர்த்திய மேடையும் வடிகாலும் இல்லாமல் ஒரு கன்றும் நடாதீர்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்பும் வளையப்புள்ளி வைரசுக்கு மருந்து கிடையாது, மரத்தைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. ஆகவே முதல் வருடம் 40 மரம் போதும். அது உங்களுக்குப் பள்ளிக்கூடம்.

சரி, கிழமைக் காசுக்கு என்ன செய்வது? கிணற்றடியில் கால் ஏக்கர் எடுங்கள். கங்குன் மூன்று, நான்கு கிழமையில் வெட்டுக்கு வரும். பயிற்றங்காயும் வெண்டியும் ஐம்பது நாளுக்குள் காய்க்கத் தொடங்கும். ஒரே நாளில் முழுவதையும் விதைக்காமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பாத்தி போடுங்கள். சிறுகச் சிறுகப் பிடுங்கி ஊர்க் கடைக்கும் அயலுக்கும் கொடுக்கலாம். பெரிய சந்தைக்கு மூட்டையாகக் கொண்டுபோனால் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று தராசடியிலேயே எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. பத்துக்கு ஒரு பங்கை யாருக்கோ கொடுக்கவா இறைக்கிறோம்?

பத்துப் பேடும் ஒரு சேவலுமாக ஊர்க்கோழி வளர்த்தால் முட்டைக் காசு வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். கறையான் பிடித்துக் குஞ்சுக்குப் போடுவது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதைவிட நல்ல தீன் கடையில் இல்லை. ஆனால் நியூகாசில் நோய்த் தடுப்பு மருந்தை மட்டும் விடாதீர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அந்த நோய் வந்தால் ஒரே கிழமையில் கூடு காலியாகும். கீரிக்கும் மரநாய்க்கும் இரவில் கூடு இறுக்கமாக இருக்கவேண்டும்.

போகக் காசுக்கு நான் சொல்வது கச்சான், அதாவது நிலக்கடலை. ஐப்பசி மழையோடு அரை ஏக்கர் விதைத்தால் 90 முதல் 110 நாளில், தை, மாசியில் பிடுங்கலாம். மண்ணில் சற்று ஈரம் இருக்கும்போது பிடுங்குங்கள். இறுகிவிட்டால் பாதிக் காய் மண்ணுக்குள் நின்றுவிடும், பிந்தி மழை பெய்தால் அங்கேயே முளைக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் பிடுங்குவதால் விலை இறங்கும். ஒரு பங்கைப் பச்சையாக அவிக்க விற்று பிடுங்கு கூலியைச் சமாளித்து, மிச்சத்தைக் கோதோடு காயவையுங்கள். காதருகே குலுக்கினால் பருப்பு ஆடுகிற சத்தம் கேட்கவேண்டும். அரைகுறையாகக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்து அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. நன்றாகக் காய்ந்ததைப் பலகைமேல் அடுக்கி வைத்தால் வைகாசி வரை இருக்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருகிற சனம் கச்சான் வாங்காமல் திரும்புமா? அங்கே ஒரு தாச்சியும் மணலும் விறகும் வைத்து வறுத்து விற்கிறவருக்குக் கிடைப்பது, மாசியில் வீட்டு வாசலில் மூட்டையாகக் கொடுக்கிறவருக்குக் கிடைக்காது. உங்கள் மூன்று இலட்சத்தில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கென்றே இருக்கட்டும்.

பன்றியும் மயிலும் கட்டாக்காலி மாடும் உங்களுக்கு முன்னரே கச்சானைக் கண்டுபிடித்துவிடும். விதை வாங்க முன்னர் வேலியை முடியுங்கள். கதியாலுக்குக் கிளிசரியா நட்டால் அடுத்த வருடம் ஆட்டுக்குக் குழையும் வரும். யானை வருகிற பக்கமென்றால் வாழை, தென்னை ஆசை வேண்டாம்.

அம்மாவின் ஆடு நல்ல யோசனைதான், ஒரு வருடம் பிந்தட்டும். சினைக்காலமே ஐந்து மாதம். இளம் மறி வாங்கினால் விற்கக் குட்டி கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வேலி தழைத்து, கச்சான் கொடியும் காய்ந்து கிடக்கும்போது மூன்று மறி வாங்குங்கள். மாரிக்கு நிலத்தில் கட்டாமல் பரண் கொட்டில் போடவேண்டும்.

இன்னொன்று: மேசன் வேலையை விட்டுவிடாதீர்கள். கிழமையில் மூன்று நாள் ஊருக்குள் வேலைக்குப் போனால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை, பொறுமையாகக் கமம் செய்ய அதுதான் கைமுதல். கடன் வேண்டியே ஆகவேண்டுமென்றால் அறுவடைக்குப் பிறகு கட்டுகிற பயிர்க்கடனைக் கமநல சேவை நிலையத்திலும் வங்கியிலும் விசாரியுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் வாரத்தில் எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்றும் அங்கேயே கேட்கலாம். பயிரில் நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

குழாய்க்காரரிடம் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். ஆவணியில் கிணற்றை அளந்து எனக்கு எழுதுங்கள். 40 மரமா, 20 மரமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.