வெயில் ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?

கேள்வி: எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஊர் கரூர். வாங்கியபோது இளஞ்சிவப்பு நிறக் கூலண்ட் இருந்தது. ஒரு வருடமாக ரிசர்வ் டாங்க் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மாதம் அரை லிட்டர் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். "ஆன்டிஃப்ரீஸ் எல்லாம் பனி கொட்டுகிற ஊருக்கு, நமக்குத் தண்ணீரே போதும்" என்கிறார் மெக்கானிக் அண்ணன். டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டி போவதால் பச்சைக் கூலண்ட் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இருப்பதோடு சேர்த்து ஊற்றலாமா? மிஞ்சினால் வேறு எதற்காவது ஆகுமா?

பதில்: பச்சையை இப்போதைக்கு ஊற்றாதீர்கள். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலண்ட். அது சுற்றும் அமைப்பு மூடிய அமைப்பு. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் வருடம் முழுக்க ரிசர்வ் டாங்கின் கோடு கொஞ்சம்தான் அசையும். மாதம் அரை லிட்டர் போகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எந்த நிறத்தை ஊற்றினாலும் காசு தரையில்தான் போகும்.

உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. கரூரில் தண்ணீர் உறையப் போவதில்லை. ஆன்டிஃப்ரீஸ் என்ற பெயர் குளிர் நாடுகளில் வந்தது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அந்த விரிவில் இன்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைத் தண்ணீரில் கலந்தார்கள். சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது தேவையில்லை. ஆனால் அதே கிளைக்கால் கொதிநிலையையும் ஏற்றுகிறது. அதோடு கலந்து வரும் துருத்தடுப்பு மருந்துகள் உலோகத்தைக் காக்கின்றன. இந்த இரண்டும் நம் ஊருக்குத்தான் அதிகம் வேண்டும்.

கொதிநிலையைப் பார்ப்போம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. கார்களில் பெரும்பாலும் காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் 1 பார் வரை, அதாவது இன்னொரு காற்றழுத்தம் அளவுக்குப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். சரிபாதிக் கலவை என்றால் 130 டிகிரியை ஒட்டிப் போகும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. வெறும் தண்ணீர் அப்போது 100 டிகிரியிலேயே பொங்கிவிடும்.

இப்போது உங்கள் ஊட்டிப் பயணத்துக்கு வருவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே வண்டியைப் பொறுத்து 82 முதல் 90 டிகிரியில்தான். ஆகவே, மூடி பழுதாகி, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், இன்ஜின் வழக்கமாக வேலை செய்யும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே ஏறக்குறைய ஏதும் மிச்சமில்லை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். நாலைந்து பேர், பெட்டிகள், ஏசி, இரண்டாவது கியர் என்று அத்தனை சுமையோடு அங்கே போகப் போகிறீர்கள். மலைப்பாதை ஓரத்தில் பானட்டைத் தூக்கி வைத்து ஆவி பறக்க நிற்கும் கார்களை எல்லோரும் பார்த்திருப்போம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி மேல் உறைபனி படர்வதும் உண்டு. ஒரு ராத்திரி வெளியே நிறுத்தினால் பிளாக் வெடித்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். கூலண்ட் சரியாக இருந்தால் அந்தக் கவலையே எழாது.

அடுத்தது போர் தண்ணீர். என் மனம் அதிகம் பதறுவது இங்கேதான். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கும். வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும், அதாவது சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. உப்புப் படலம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவில் நிற்கும். உள்ளே அந்த இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். தண்ணீரிலுள்ள குளோரைடோ அலுமினியத்தில் குழி போடும். இன்றைய கார்களில் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டிகளின் வாட்டர் பம்பைக் கழற்றும்போது, இரும்பு இறக்கைகள் கரையான் அரித்த பலகைபோல இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொதிக்க வைத்து ஆற்றினாலும் குளோரைடு போகாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஆனாலும் உப்பு முழுதாகப் போயிருக்காது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. அதே கடையில் அதேபோன்ற கேனில் பேட்டரி ஆசிடும் விற்பார்கள்; லேபிளை வாசித்து வாங்குங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். கூலண்டின் நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. உள்ளேயிருக்கும் துருத்தடுப்புதான் முக்கியம். பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். சுமார் இரண்டு வருடத்தில் சத்துத் தீரும். புதிய வகையில் கரிம அமிலங்கள். ஐந்து வருடமோ அதற்கு மேலோ உழைக்கும். பச்சை பெரும்பாலும் பழைய வகை, இளஞ்சிவப்பு பெரும்பாலும் புதிய வகை. இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி இன்ஜினில் ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும், சில சமயம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். பாட்டிலில் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில பாட்டில்கள் கான்சன்ட்ரேட், தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். சில ஏற்கெனவே கலந்தவை. அதில் மேலும் தண்ணீர் சேர்த்தால் துருத்தடுப்பு நீர்த்துப் போகும். "காசு போனால் போகிறது, கலக்காமலே ஊற்றுகிறேன்" என்று கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன், கிளைக்கால் மட்டும் இருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகும்.

சரி, கசிவைத் தேடுவது எப்படி? காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ஹோஸ் கிளிப்புகளின் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டாங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு, வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்னத் துளை ஆகிய இடங்களில் காய்ந்த உப்புக்கறை இருக்கிறதா பாருங்கள். முன்சீட்டுக் கால்மிதிக்கு அடியில் ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால், காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வெளியே ஒன்றும் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்து, சூடான இன்ஜினிலும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஆயில் மூடியின் அடியில் மோர்போல நுரை இருந்தால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ஊட்டிப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நல்ல ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பம்பின் அழுத்த முள் இறங்கினால் கசிவு உறுதி. கூடவே மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் குற்றவாளி அதுதான். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி, பெட்ரோலும் குடிக்கும், தேயவும் செய்யும்.

கசிவை அடைத்த பிறகு, பழைய தண்ணீரை முழுக்க வடித்து டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடும் வரை இன்ஜினை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இரண்டு, மூன்று முறை. பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், கான்சன்ட்ரேட் வாங்கி, மொத்தக் கொள்ளளவில் கையேடு சொல்லும் பங்கை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். காற்றுக்குமிழ் வெளியேறியதும் அளவை மறுபடி பாருங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். மூடியை உடனே தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், திருகிய நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது, மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவு ஆறும்வரை, பொறுங்கள். பிறகு கையிலிருக்கும் குடிதண்ணீரைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். அவசரத்துக்குப் பாவமில்லை, ஊர் திரும்பியதும் மாற்றிவிடுங்கள். முள் ஏறி, திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்பதாலும் அப்படி இறங்கும்.

அந்தப் பச்சை லிட்டர் வீணில்லை. பழைய வகைக் கூலண்ட் கேட்கும் டீசல் ஜெனரேட்டரோ டிராக்டரோ உறவில் யாரிடமாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். கூலண்டில் ஓடும் பைக்குகளுக்கு அதன் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். மின்சாரக் காரின் பேட்டரிக்கும் கிளைக்கால் கலந்த கூலண்ட் சுற்றுகிறது, ஆனால் அதற்குரிய வகையைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. வைப்பர் டாங்கில், வீட்டு ஏர்கூலரில், இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றவே கூடாது.

ஏனென்றால் இது விஷம், அதுவும் இனிப்பான விஷம். கல்லீரலில் எத்திலீன் கிளைக்கால் ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கிறது. வளர்ந்தவருக்கே சுமார் 100 மில்லி உயிரைப் பறிக்கும். பூனைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் போதும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதன் நெருங்கிய உறவு. ஆகவே மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அதன் பாட்டிலிலேயே, பூட்டிய அலமாரியில். வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ தென்னை மூட்டிலோ கொட்டாமல், கேனில் பிடித்துப் பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுங்கள், ஆயிலோடு கலக்க வேண்டாம். தரையில் சிந்தினால் நாய் நக்குவதற்குள் மணல் போட்டு அள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால், முதல் சில மணி நேரம் சாராயம் குடித்தவர்போல தள்ளாடுவதோடு சரி என்று தோன்றும். காத்திருக்காமல் 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, சிறுநீரகம் கெடுவதற்கு முன் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம்.