பள்ளி மானியம் என்றால் என்ன? மலைப் பள்ளிகளுக்கு ஏன் குறைவாக வருகிறது?

பராமரிப்பு, சுண்ணக்கட்டி, மின்கட்டணம், கழிப்பறைச் சுத்தம் என்று அரசுப் பள்ளியின் அன்றாடச் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் பணம்தான் பள்ளி மானியம். தொகை தலைக்கணக்கில்தான்: 30 பிள்ளைகள் வரை ₹10,000, 100 வரை ₹25,000.

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன்களும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பழங்குடிக் குடியிருப்புகளும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் பள்ளிகள் சின்னவை. பல ₹10,000 என்ற கீழ்த்தட்டிலேயே நின்றுவிடுகின்றன. ரேஷன் கார்டில் ஆள் குறைந்தால் அரிசி குறையும், சரி. ஒழுகும் கூரைக்கு ஆள் கணக்கு தெரியுமா? மலைக்கென்று தனி அளவு வைக்கலாம் என்பது என் வாதம்.

செலவைக் கண்காணிப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்.

அப்புறம், ஆசிரியர் சம்பளமும் இதிலிருந்துதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது தனிக் கணக்கு.