கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) 'பாத்ரியா' நூலை வரலாறாக நம்பலாமா?

கட்டடம் எப்போது எழுந்தது என்று தெரிந்துகொள்ள நம்பாதீர்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் நகரத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று அறிய, இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

பாத்ரியா ஒரே ஆள் எழுதியதல்ல. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய குறிப்புகளைச் சேர்த்துக் கிரேக்கத்தில் தொகுத்தார்கள். நகரின் தோற்றம், சிலைகள், கட்டடங்கள், ஹாகியா சோபியா பேராலயம் என்று நான்கு பகுதிகள்.

சிலைகள் பகுதிக்கு அடிப்படை 'பராஸ்டாசெயிஸ்' என்ற இன்னும் பழைய நூல். அதில் ஒரு சம்பவம்: தியோடர் என்பவரும் நண்பர் ஹிமேரியோஸும் கினேகியோன் என்ற இடத்துக்குச் சிலைகளைப் பார்க்கப் போகிறார்கள். குட்டையான, கனத்த சிலை ஒன்று விழுந்து ஹிமேரியோஸ் இறந்துபோகிறார். கொலைப்பழி வருமோ என்று தியோடர் தேவாலயத்துக்குள் ஓடித் தஞ்சம் புகுகிறார். கடைசியில் பேரரசர் பிலிப்பிகோஸ் (711–713) அந்தச் சிலையைப் புதைக்கச் சொல்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஊர்த் தெருக்களில் நின்றவற்றில் பல பழைய தெய்வங்களின் சிலைகள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்பது பெரும்பாலும் மறந்துபோயிருந்தது. மிஞ்சியது பயமும் வியப்பும்தான்.

ஹாகியா சோபியா கதை இன்னும் அழகு. கட்டுமானக் கருவிகளுக்குக் காவலிருந்த சிறுவனிடம் ஒரு தேவதூதர், "நீ திரும்பும்வரை நான் காக்கிறேன்" என்கிறார். சரி, அதைக் கட்டுவித்த பேரரசர் ஜஸ்டினியன் என்ன செய்தார்? சிறுவனைத் திரும்ப விடாமல் வெளியூருக்கே அனுப்பிவிட்டார், தூதர் என்றைக்கும் அங்கேயே காவலிருக்கட்டும் என்று!