கரீபியனில் எந்தத் தீவு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வருகின்ற பெப்ரவரியில் எங்கள் திருமணத்துக்கு 25 ஆண்டுகள் நிறைவடைகின்றன. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, நாங்கள் எங்காவது தொலைவில் இரண்டு வாரம் தங்கிவருவதற்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் கணவருக்குச் சிறுவயது முதலே மேற்கிந்தியக் கிரிக்கெட்டில் பித்து. ஆகவே பார்படோஸ் தீவுக்கே போகவேண்டும் என்கிறார். கடற்கரையில் சாய்ந்து கிடப்பதற்காக உலகத்தின் மறுகரை வரை போவதா என்பது என் தயக்கம். பாரிஸில் இருக்கும் என் தம்பியோ, “எங்களிடம் வந்து நான்கு நாள் நின்றுவிட்டுக் குவாதலூப் தீவுக்குப் போங்கள் அக்கா” என்கிறான். அந்தப் பெயரையே நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இரண்டு தீவுகளையும் பார்க்க உடலிலும் பணத்திலும் தெம்பில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தம்பி சொல்வதையே நானும் சொல்வேன். ஆனால் கணவரின் ஆசையைத் தட்டிக்கழிப்பது நியாயமில்லை என்பதால், முதலில் பார்படோஸைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பார்படோஸ் வெறும் 430 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு. நமது கொழும்பு மாவட்டத்தைவிடச் சிறியது. 1966இல் சுதந்திரம் பெற்று, 2021 நவம்பர் 30ஆம் திகதி பிரித்தானிய முடியை விட்டு விலகிக் குடியரசானது. ஆங்கிலம் பேசுகிறார்கள், வாகனங்கள் நம் நாட்டைப் போல இடப்பக்கமாக ஓடுகின்றன, இரண்டு பார்படோஸ் டொலருக்கு ஓர் அமெரிக்க டொலர் என்று நாணயமாற்றும் மனக்கணக்கில் அடங்கிவிடும். தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள கென்சிங்டன் ஓவல் மைதானத்தின் வெளியே சேர் கார்பீல்ட் சோபர்ஸின் சிலை நிற்கிறது. 2007 ஏப்ரல் 28ஆம் திகதி உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் அடம் கில்கிறிஸ்ட் 104 பந்துகளில் 149 ஓட்டங்கள் குவித்து நம் அணியின் கனவைக் கலைத்ததும், பின்னர் மங்கலான இருட்டில் அந்த ஆட்டம் குழப்பத்தோடு முடிந்ததும் அதே மைதானத்தில்தான். நள்ளிரவு கடந்தும் தொலைக்காட்சி முன்னால் விழித்திருந்த தலைமுறைக்கு அந்த இடத்தைக் கண்ணால் காணும் ஆசை இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் போட்டி இல்லாத நாளில் மைதானம் என்பது வெறும் புல்லும் இருக்கைகளும்தான். ஒரு முற்பகலில் பார்த்து முடிந்துவிடும் ஒன்றுக்காகப் பதினான்கு நாள்களையும் அங்கே வைப்பதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். மீதிப் பதின்மூன்று நாளும் கடற்கரை என்றால், கடற்கரை நமக்குப் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் குறைவில்லாமல் இருக்கிறது.

இனிக் குவாதலூப். அது தனி நாடன்று. பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டம். யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான, ஏறத்தாழ 1,630 சதுர கிலோமீற்றர் பரப்பு. வரைபடத்தில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். கிழக்குச் சிறகு கிராந்த் தேர் எனப்படும் சமவெளி. கரும்பும் வெண்மணல் கரையும் அங்கே. மேற்குச் சிறகான பாஸ் தேர் மலையும் மழைக்காடும் நிறைந்தது. இரண்டையும் ரிவியேர் சாலே என்ற ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய் பிரிக்கிறது. மேற்குச் சிறகின் தெற்கில் 1,467 மீற்றர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை இன்றும் கந்தகம் மூச்சுவிட்டபடி நிற்கிறது. 1976இல் அது குமுறத் தொடங்கியபோது அடிவாரத்திலிருந்து எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோரை வெளியேற்றினார்கள்.

இவையெல்லாம் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். உங்களை அங்கே போகச் சொல்வதற்கு என்னிடம் உள்ள காரணம் வேறு.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், விடுதலையான மக்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கத் தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் அயல்தீவான மார்ட்டினிக்குக்கும், மறு ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் குவாதலூப்புக்கும் முதல் தொகுதி மக்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதன் பின் வந்த ஏறத்தாழ 35 ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். நமது மலையகத்துக்குக் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்ட மக்களின் கதையும் இதே நூற்றாண்டின் கதைதான். அவர்கள் மன்னாரில் இறங்கி நடந்தார்கள், இவர்கள் அத்திலாந்திக்கைக் கடந்தார்கள் என்பதே வேறுபாடு.

ஒற்றுமை அத்தோடு முடியவில்லை. கப்பெஸ்தேர் என்ற ஊரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், தம் மக்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களா, வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்ற கேள்வியை 1904இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழக்கு 1923 வரை இழுபட்டு அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. 1948இல் நம் நாட்டில் மலையக மக்களின் குடியுரிமை பறிபோனதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, உலகத்தின் மறுபக்கத்தில் அதற்கு முன்னரே ஒரு சிதம்பரம் அதே உரிமைக்காக நின்றார் என்பது சாதாரணச் செய்தியாக இருக்க முடியாது. இன்று அங்கே கடைப் பலகைகளிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் காணலாம். அப்பெயர்களைத் தாங்கியவர்களுக்குப் பேச்சுத் தமிழ் இல்லை. அவர்கள் பேசுவது கிரியோல் என்னும் கலப்புமொழியும் பிரெஞ்சும். ஆனால் மாரியம்மன் பூசையில் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனனம் செய்த தமிழ்ப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். அவர்கள் நாவில் அம்மன் ‘மயேமென்’ ஆகியிருக்கிறாள். தப்பு மேளம் ‘தப்பூ’வாகவே இருக்கிறது.

அந்தக் கப்பெஸ்தேரில், நெடுஞ்சாலையோரமாகவே, ஷாங்ஜி என்னும் இடத்தில் வண்ணச் சிற்பங்களோடு ஒரு கோவில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் அங்கே போனபோது, வாசலில் நின்ற முதியவரிடம் நாங்கள் இலங்கைத் தமிழர் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். பொருள் தெரியுமா என்று எங்களிடமே கேட்டார். சொற்கள் தேய்ந்து உருமாறியிருந்ததால் எங்களுக்கும் பாதிதான் விளங்கியது. மூவருமாகச் சிரித்தோம், பிறகு ஏனோ சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பூசை நடக்கும் நாளாக இருந்தால் அனுமதி கேட்டே உள்ளே போகவேண்டும். கிடாய் வெட்டும் வழக்கம் அங்கே உண்டு என்பதால், அதைக் காண மனமில்லாதவர்கள் முன்கூட்டியே நாளைக் கேட்டறிவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கொழும்பில் இருந்து எழுதுவதில் அர்த்தமில்லை. குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் மக்கள் விரும்பி உண்ணும் கறியின் பெயர் ‘கொலம்போ’. கோழிக் கொலம்போ, ஆட்டுக் கொலம்போ என்று உணவகப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். அதற்கான தூளைச் சந்தையில் ‘கொலம்போத் தூள்’ என்றே விற்பார்கள். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றோடு சிலர் வறுத்த அரிசியையும் சேர்த்து இடிப்பார்கள். பெயர் நம் நகரத்திலிருந்து வந்ததென்று சிலரும், தமிழ்க் ‘குழம்பு’ என்ற சொல்லே அவ்வாறு திரிந்ததென்று வேறு சிலரும் சொல்கிறார்கள். என் மனம் குழம்பின் பக்கமே சாய்கிறது. நம் நாக்குக்கு உறைப்புப் போதாது. பக்கத்தில் வைக்கும் மிளகாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது நம் கொச்சியைவிடக் கடுமையானது என்பதால் நகக்கண் அளவோடு தொடங்குங்கள்.

தங்குவதற்குக் கடற்கரை விடுதிகள் மொய்த்திருக்கும் கோசியே பகுதியைவிட, பாஸ் தேரின் மேற்குக் கரையில் தெஹே, புய்யாந்த் ஊர்ப்பக்கம் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுப்பதே ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதியினருக்கு உகந்தது. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி பெருந்திரளாக வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்கி அழுகி, கூழ்முட்டை நாற்றம் வீசுகிறது. மேற்குக் கரைக்கு அந்தத் தொல்லை குறைவு. மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே உள்ள சிறுதீவுகளைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நீந்தத் தெரியாதவர்களும் கண்ணாடித் தளப் படகில் இருந்து பவளப்பாறைகளைப் பார்க்கலாம். கார்பே அருவிகளில் இரண்டாவது 110 மீற்றர் உயரமானது, அதைப் பார்க்கும் இடம் வரை நடப்பது எளிது. முதலாவதற்குப் பல மணிநேரம் ஏறவேண்டும், அதை விட்டுவிடுங்கள். துருவா ரிவியேரில் இருந்து படகேறி லே சாந்த் தீவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். புவாந்த்தா பித்ர் நகரில் பழைய சீனி ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறக்கப்பட்ட அடிமை வரலாற்று நினைவகத்துக்கு அரைநாள் ஒதுக்கவேண்டும். அதைப் பார்க்காமல் அந்தத் தீவை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

வாகனம் வாடகைக்கு எடுக்காமல் அங்கே காலம் தள்ளுவது கடினம். ஆனால் அங்கே வலப்பக்க ஓட்டம். காலி வீதியில் ஓட்டிப் பழகிய கணவர் முதல் இரண்டு நாள் வட்டச்சந்திகளில் தடுமாறுவார், அப்போது பக்கத்தில் இருந்து சத்தம் போடாதீர்கள்.

கடற்கரை மரங்களில் சிலவற்றின் தண்டில் சிவப்பு வண்ணப் பட்டை தீட்டியிருப்பார்கள். அது மன்சனியே என்னும் நச்சு மரம். சிறிய பச்சை அப்பிள் போன்ற அதன் பழத்தைத் தொடவே கூடாது. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் இலையில் வழியும் நீரே தோலைப் புண்ணாக்கும்.

விசாவைப் பற்றிக் கவனமாக வாசியுங்கள். குவாதலூப் பிரான்ஸுக்கு உரியது, செலவாவதும் யூரோதான். ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்துக்குள் அது இல்லை. ஆகவே பாரிஸுக்குப் போவதற்கான சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு தீவுக்குப் போய்விடலாம் என்று எண்ணவேண்டாம். விண்ணப்பிக்கும்போதே குவாதலூப்புக்கும் போவதைக் குறிப்பிட்டு அதற்கான அனுமதியையும் பெறவேண்டும். தீவிலிருந்து பாரிஸுக்குத் திரும்புவது ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும் என்பதால், பல தடவை நுழையும் விசாவைக் கேளுங்கள். கட்டுநாயக்காவில் இருந்து வரும் விமானம் பெரும்பாலும் சார்ல்ஸ் து கோல் நிலையத்தில் இறங்கும், தீவுக்கான விமானங்கள் பல ஒர்லி நிலையத்தில் இருந்து புறப்படும். இடையில் தம்பி வீட்டில் நான்கு நாள் நிற்பது உடலுக்கும் நல்லது, ஏனெனில் ஒர்லியில் இருந்து மேலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கவேண்டும். பார்படோஸுக்கு லண்டன் வழியாகப் போவதாக இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடைத்தங்கல் விசா தேவைப்படும் (சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு); அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். ஆகவே அலைச்சலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: மகனுக்கும் மருமகளுக்கும் ஓகஸ்ட் மாதத்தில்தான் விடுமுறை கிடைக்கும். அப்போது கரீபியன் விடுதிகளில் கட்டணம் மிகக் குறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கட்டணம் குறைவதற்குக் காரணம் சூறாவளி. அத்திலாந்திக்கில் ஜூன் முதல் நவம்பர் இறுதி வரை சூறாவளிப் பருவம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை அதன் உச்சம். 1989 செப்டெம்பரில் ‘ஹியூகோ’ குவாதலூப்பைச் சிதைத்தது. 2017 செப்டெம்பரில் ‘மரியா’ டொமினிக்காவைத் தரைமட்டமாக்கியது. 2024இல் ‘பெரில்’ ஜூலை முதலாம் திகதியே கிரெனடாவுக்கு உரிய கரியாக்கு தீவைத் தாக்கியது. ஓகஸ்டைத் தவிர வேறு வழியில்லை என்றால், தென் அமெரிக்கக் கரையை ஒட்டிய அருபா, குராசோ, பொனேர் ஆகியவை சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அபாயம் குறைவு. எங்கே போனாலும் விமானம் இரத்தானால் பணத்தைத் திருப்பித்தரும் காப்புறுதி இல்லாமல் அனுப்பாதீர்கள். டெங்கு அங்கேயும் உண்டு; நுளம்புக்குப் பூசும் மருந்து பெட்டியில் இருக்கட்டும். விடுமுறையை நான்கு மாதம் தள்ளிவைக்க முடியுமானால், டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட பருவமே மேல்.

கேள்வி: நாங்கள் இருவரும் சுத்த சைவம். அந்தத் தீவுகளில் பட்டினி கிடக்க நேருமா?

— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பட்டினி இல்லை, ஆனால் உணவகத்தை நம்பியிருந்தால் அலுப்பு நிச்சயம். சமையலறையுள்ள வீட்டை எடுத்துக்கொண்டு காலையில் சந்தைக்குப் போனால், ஈரப்பலாக்காய், பூசணி, வற்றாளைக் கிழங்கு, சௌ சௌ, வாழைக்காய் என்று நமக்குப் பழக்கமான அனைத்தும் கிடைக்கும். ஈரப்பலாவைப் பசிபிக் தீவுகளில் இருந்து கப்பலில் ஏற்றி 1793இல் கரீபியனுக்குக் கொண்டுவந்தவர் கப்டன் பிளை. அடிமைகளுக்கு மலிவாகச் சோறிடுவதற்காக வந்த மரம் இன்று எல்லார் வீட்டு முற்றத்திலும் நிற்கிறது. வெளியில் உண்ணும்போது ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ (இறைச்சியும் மீனும் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனெனில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். தெருவோரம் சுடச்சுட விற்கும் ‘அக்ரா’ பார்வைக்கு நம் போண்டாவைப் போலவே இருக்கும். பெரும்பாலும் அதற்குள் இருப்பது உப்பிட்டு உலர்த்திய மீன்; மரக்கறி அக்ராவும் உண்டு, கேட்டபின் வாங்குங்கள்.