கப்பல் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் டிரேடு முடித்துவிட்டு மூன்று வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 22. கப்பலில் எலெக்ட்ரீஷியனாகப் போக ஆசை. மூன்றரை லட்சம் கட்டினால் ரெண்டே மாதத்தில் வளைகுடாவில் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வேறொரு நாட்டு சி.டி.சி.யும் (கடலோடிக்கான அடையாளப் புத்தகம்) அவரே எடுத்துத் தருவாராம். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. கட்டலாமா?
- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கட்ட வேண்டாம் தம்பி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கடலோடிகளுக்கென்று 2006-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், எம்.எல்.சி. என்று சொல்வோம், இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட், சி.டி.சி., மெடிக்கல், இந்த மூன்றுக்கும் ஆகிற செலவு உங்களுடையது. பயிற்சி நிலையத்தில் படித்தால் அந்தக் கட்டணமும் உங்களுடையது. மற்றபடி ‘ஜாயினிங் சார்ஜ்’, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று எந்தப் பேரில் கேட்டாலும் அது தப்பு. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கிற நிறுவனம், மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கிடம் ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள் சேர்ப்பு உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே கிடைக்கிறது, உரிமம் எது வரைக்கும் செல்லும் என்பதும் இருக்கும். உங்கள் ஏஜென்டிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறாரா, ‘என் கூட்டாளி கம்பெனி பம்பாயில் இருக்கு’ என்று இழுக்கிறாரா, அதோடு எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை என்பேன். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இதே மாதிரி கட்டிவிட்டுப் போனான். பழைய கப்பல், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு மாதக்கணக்கில் நின்றுவிட்டது, சம்பளம் வரவில்லை, குடிதண்ணீரை அளந்து குடித்திருக்கிறான். திரும்பி வந்த பிறகு அந்தக் கடல் நாட்களைக் கணக்கில் ஏற்றவும் முடியவில்லை, ஏனென்றால் காகிதம் எதுவும் சரியில்லை. அவன் அம்மா என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் போவது?

ஊரில் பெரியவர்கள் சிலர், ‘நான் ஐ.டி.ஐ. முடிச்சுட்டுத்தான் போனேன், பதினஞ்சு வருஷம் ‘பத்தி சாப்’பா இருந்தேன்’ என்பார்கள். (கப்பலில் எலெக்ட்ரீஷியனை இந்தியக் கப்பலாட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இந்தியில் பத்தி என்றால் விளக்கு, சாப் என்றால் ஐயா.) அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது அவர்கள் காலத்துக் கதை. கடலோடிகளின் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. விதிகளை 2010-ல் மணிலாவில் திருத்தியபோதுதான் ஈ.டி.ஓ., அதாவது எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் என்ற பதவிக்கென்று தனிச் சான்றிதழ் வந்தது. அதற்கு முன்னால் கப்பல் எலெக்ட்ரீஷியனுக்கு உலக அளவில் அப்படி ஒன்று கிடையாது, தெரிந்த கம்பெனி, கைத்தொழில், இது இரண்டும் இருந்தால் போய்விடலாம். இப்போது நல்ல கம்பெனிகள் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் பார்க்கின்றன.

ஈ.டி.ஓ. ஆக டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த நான்கு மாதப் படிப்பு இருக்கிறது. அதற்கு எலெக்ட்ரிக்கல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் டிப்ளமோவோ பட்டமோ வேண்டும், அதுவும் ரெகுலராகப் படித்ததாக. ஐ.டி.ஐ. மட்டும் போதாது. இங்கேதான் நிறையப் பேர் மனம் விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். உங்களுக்கு 22 வயது. இரண்டு வருஷத்தில் டிப்ளமோ கையில் இருக்கும், 25 வயதுக்குள் ஈ.டி.ஓ. படிப்பையும் முடித்துவிடலாம். சேரும்போதே கடைசி ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கியே தீருவது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் நல்ல மார்க் வேண்டும். வயது, மார்க் விதிகளை டி.ஜி. ஷிப்பிங்கின் புதிய சுற்றறிக்கையில் நீங்களே படித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த நிலையத்துக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும்.

நான்கு மாதம் முடித்ததும் வேலை ஓடி வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிரெய்னி ஈ.டி.ஓ.வாக முதல் கப்பல் கிடைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே பெரிய மலை. சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் பட்டறைப் பயிற்சியும் கடல் அனுபவமுமாகக் குறைந்தது 12 மாதம், அதில் கடலில் மட்டும் 6 மாதமாவது இருக்க வேண்டும் என்பது எஸ்.டி.சி.டபிள்யூ. கணக்கு. அந்த ஆறு மாதம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் நடக்கிற பையன்கள் இருக்கிறார்கள். அதனால் படிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் பார்க்காதீர்கள். போன பேட்ச்சில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள், எந்தக் கம்பெனி எடுத்தது என்று கேளுங்கள், அந்தப் பையன்களில் இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள். கம்பெனி ஸ்பான்சர்ஷிப்போடு சேர வழியிருந்தால் அதை விடவே கூடாது.

உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மோட்டாரைப் பிரித்து, காயில் சுற்றி, வார்னிஷ் போட்டு, மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்து ஓடவிட்ட கை உங்களுடையது. டிப்ளமோ முடித்து வருகிற பல பேர் மெகரைக் கையில் தொட்டதே இல்லை. நேர்முகத் தேர்வில் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆனால் கசிவு வந்தால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும் என்று நம்புகிற கரைப் பழக்கத்தைக் கப்பலில் மறக்க வேண்டியிருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் கப்பல், ஏறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ராத்திரி முழுக்க நல்ல மழை, காற்று, கடல் அடித்து டெக் எல்லாம் தண்ணீர். காலையில் கண்ட்ரோல் ரூமுக்குப் போனால் 220 வோல்ட் விளக்குப் பலகையில் இருக்கிற மூன்று எர்த் விளக்குகளில் (கப்பலின் பாடியில், அதாவது இரும்பு உடலில், கரண்ட் கசிந்தால் காட்டிக்கொடுப்பவை) ஒன்று மங்கி, மற்ற இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. எந்த பிரேக்கரும் டிரிப் ஆகவில்லை, கப்பலில் மற்ற எல்லா விளக்கும் எரிகிறது. வீட்டில் கரண்ட் பாடியில் கசிந்தால் டிரிப் ஆகிவிடுமே, இங்கே ஏன் ஆகவில்லை என்று நின்றுகொண்டிருந்தேன். கப்பலில் பெரும்பாலும் நியூட்ரலைப் பாடியோடு சேர்ப்பதில்லை. ஒரு பேஸ் பாடியைத் தொட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாததால் இயந்திரம் நிற்காமல் ஓடும். நடுக்கடலில் ஸ்டியரிங் மோட்டார் ஒரு சின்னக் கசிவுக்கு நின்றுவிடக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இன்னொரு பேஸும் எங்காவது பாடியைத் தொட்டுவிட்டால் அது ஷார்ட் சர்க்யூட், தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. அதனால் முதல் கசிவை அன்றைக்கே பிடித்தாக வேண்டும். பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்து, எதை அணைத்தால் மங்கின விளக்கு சரியாகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். கப்பலின் முன்பக்கத்து டெக் விளக்கில் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் ரப்பர் கேஸ்கெட் காய்ந்து கருவாடு மாதிரி கிடக்கிறது, உள்ளே அரை டம்ளர் உப்புத் தண்ணீர், டெர்மினல் பச்சைப் பூத்திருக்கிறது. மெகர் வைத்தால் முள் பூஜ்யத்தை விட்டு எழவில்லை. ஹோல்டரை மாற்றி, புது கேஸ்கெட் போட்டு, கண்ட்ரோல் ரூமுக்கு வந்து பார்த்தால் மூன்று விளக்கும் ஒரே அளவில் எரிந்தன. அன்றைக்குத்தான் நான் கப்பல் எலெக்ட்ரீஷியன் ஆனேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நேர்முகத் தேர்வில் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். நியூட்ரலை ஏன் பாடியோடு சேர்க்கவில்லை, மெயின் கரண்ட் போனால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் எத்தனை நொடிக்குள் லோடு எடுக்க வேண்டும் (45 நொடி), 440 வோல்ட் மோட்டாருக்கு மெகர் ரீடிங் எவ்வளவு இருந்தால் ஓட்டலாம், கிரேன் மேலே போகிறது கீழே வரவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய். இப்போதே இதையெல்லாம் படிக்க ஆரம்பியுங்கள்.

படிக்க வசதியே இல்லை, உடனே சம்பளம் வேண்டும் என்றால் கப்பல் கட்டும் தளங்களைப் பாருங்கள். கொச்சி ஷிப்யார்டு, விசாகப்பட்டினத்தில் இருக்கிற கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளம் போன்ற இடங்களில் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன்களை அப்ரென்டிஸாக எடுக்கிறார்கள், நம் காட்டுப்பள்ளியிலும் கப்பல் தளம் இருக்கிறது. கேபிள் இழுப்பது, கிளாண்டு போடுவது, ஸ்விட்ச்போர்டு இணைப்பது என்று கப்பலின் வயிற்றுக்குள்ளேயே வேலை. இது கடல் அனுபவமாகக் கணக்கில் வராது, ஆனால் கப்பல் பழகும்.

கேள்வி: மேடம் என்று அழைக்கப் பெண்களே இல்லாத கப்பலில் ஒரு பெண்ணுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை கிடைக்குமா? இ.இ.இ. முடித்திருக்கிறேன், வீட்டில் தயங்குகிறார்கள்.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கிடைக்கும் மகளே. விதிகளில் ஆண், பெண் என்று வேறுபாடே கிடையாது. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மைதான், அதனால் ஏற்கெனவே பெண் அதிகாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிற கம்பெனிகளை முதலில் தேடுங்கள். வீட்டில் கேட்டால் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். முன்னெல்லாம் கப்பலில் பெண்களுக்குக் கொடுத்த பாய்லர் சூட்டும் (உடல் முழுக்க மூடுகிற வேலை உடை) கையுறையும் ஆண்கள் அளவில்தான் இருக்கும், கை உள்ளே தொளதொளவென்று ஆடும், நம் வேலைக்கு அது ஆபத்து. எம்.எல்.சி. திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அவரவர் உடலுக்குப் பொருந்துகிற அளவில் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏறும் முன்பே உங்கள் அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் சில சமயம் குழம்பும். ஈ.டி.ஓ. படிக்கலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் போய் நிறப்பார்வைச் சோதனையை மட்டும் முதலில் செய்துகொள்ளுங்கள். அதில் தேறாவிட்டால் கடல் மெடிக்கல் கிடைக்காது, அப்புறம் கட்டின ஃபீஸ் வீண். தேறிவிட்டால் தைரியமாகச் சேருங்கள், பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது மெடிக்கல் எடுக்க வேண்டியிருக்கும். எந்த முடிவு வந்தாலும் எனக்கு எழுதுங்கள், கரையிலேயே இருக்கிற வேலைகளைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.