பட்டனில் கட்டிய கம்பி: பட்டறைப் பாதுகாப்பு கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பட்டறையில் தகட்டை அடித்து வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ் ஐந்து இருக்கிறது. இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினால்தான் அடி விழும். ஆட்களோ ஒரு பட்டனைக் கட்டுக்கம்பியால் அமுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிறார்கள். திட்டியாயிற்று, அபராதமும் போட்டாயிற்று. கேட்பதாக இல்லை.
– பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: அபராதம் போட்டால் கம்பி போய்விடாது. சூப்பர்வைசர் வரும்போது கழன்று, அவர் தலை மறைந்ததும் மறுபடி ஏறிவிடும். முதலில் அந்த மெஷின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, கம்பி கட்டுவதால் அவருக்கு என்ன மிச்சம் என்று பாருங்கள். ஒரு பீஸுக்கு 2 விநாடி மிச்சம் என்றாலே 1,800 பீஸுக்கு ஒரு மணி நேரம். பீஸ் ரேட்டில் கூலி கொடுத்துக்கொண்டே ‘நிதானமா ஓட்டுப்பா’ என்றால் யார் காதில் விழும்? அதிக எண்ணிக்கை காட்டுகிறவரைத் தட்டிக்கொடுப்பதும் நீங்கள்தான் என்றால், அந்தக் கம்பியின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கிறது.

பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தோளுக்கு மேலே இருந்தால் மதியத்துக்குள் தோள்பட்டை கடுக்கத் தொடங்கும். இடுப்புக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். இரண்டு பட்டனுக்கும் நடுவே 55 செ.மீ.யாவது வேண்டும், குறைந்தால் ஒன்றை விரலாலும் மற்றொன்றை அதே கையின் முழங்கையாலும் அமுக்கப் பழகிவிடுவார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இரு கை இயக்கத்துக்கான சேஃப்டி ரிலே போடுங்கள். இரண்டு பட்டனும் அரை விநாடிக்குள் சேர்ந்து அமுங்கினால்தான் அது அடியை விடும். இரண்டையும் விட்டெடுக்காமல் அடுத்த அடி வராது. அப்புறம் பட்டனைக் கட்டிவைத்து ஒரு பயனும் இல்லை.

உங்களிடம் இருப்பது, சுழலும் சக்கரத்தோடு ஒரு ஆப்பு (கீ) மாட்டி அடி விழும் பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸா? அப்படியென்றால் கதை வேறு. அதில் ஒருமுறை கீ பிடித்துவிட்டால் ரேம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) முழுச் சுற்றும் போய் வந்துதான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியே இல்லை. கீயோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால், யாரும் எதையும் தொடாமலே இரண்டாவது அடி விழும். விரல்கள் போவது பெரும்பாலும் அந்த அடியில்தான், அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரத்தில். அந்த மாதிரி பிரஸ்ஸுக்கு எந்தப் பட்டனும் காவல் இல்லை. தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையைச் சுற்றி நிலையான தடுப்பு போட்டு, தகடு நுழையும் இடத்தில் 6 மி.மீ. இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். வெட்டிய துண்டுகளைக் கையால் வைத்து அடிக்கும் வேலையாக இருந்தால், தடுப்புக்கு வெளியே நின்று தள்ளிவிடும் ஸ்லைடு வையுங்கள். ரேம் உச்சியில் நிற்காமல் கொஞ்சம் வழுக்கி இறங்குகிறது என்றால் பிரேக் தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும்வரை அந்த பிரஸ்ஸை ஓட்டக் கூடாது.

டை மாற்றும்போது மெயினை அணைத்தால் மட்டும் போதாது. பிரஸ்ஸின் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பல நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். அது முழுதாக நின்ற பிறகு, ரேமுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டே கையை உள்ளே விட வேண்டும்.

கேள்வி: 4 அங்குல கிரைண்டரில் டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் போடுகிறார்கள். மெஷின் நன்றாகத்தானே வெட்டுகிறது, என்ன ஆபத்து?
– ஃபேப்ரிகேஷன் சூப்பர்வைசர், ஓசூர்

பதில்: டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் படியுங்கள். 7 அங்குல வெட்டு டிஸ்க்குக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 8,600 சுற்றுதான் உச்சம். 4 அங்குல மெஷினோ 11,000 முதல் 12,000 வரை சுற்றும். தேய்ந்து சிறிதான 7 அங்குல டிஸ்க்கை ‘வீணாக வேண்டாமே’ என்று சின்ன மெஷினில் மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. துளையும் பொருந்தாது, பெரிய டிஸ்க்குக்கு 22 மி.மீ., சின்னதற்கு 16 மி.மீ. நடுவில் வாஷர் வைத்து ஒப்பேற்றினால் டிஸ்க் மையம் தவறி அதிரும், உடையும். 5 அங்குல டிஸ்க்கின் விளிம்பு 11,000 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வேகத்தில் போகிறது. உடைந்த துண்டு பறப்பதும் அதே வேகத்தில்தான். அதைத் தடுக்க இருப்பது அந்தக் கார்டு ஒன்றே.

மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். பல் கடித்துக்கொண்டால் மெஷின் கையை மீறி கழுத்துப் பக்கம் எகிறும். புது டிஸ்க் மாட்டினால், முகத்துக்கு நேரே இல்லாமல் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

கேள்வி: டிரில்லிங் மெஷினில் கையுறை போடச் சொல்லலாமா? துளை போடும்போது வரும் உலோகச் சுருள் கையைக் கிழிக்கிறது.
– ஐ.டி.ஐ. மாணவர், சேலம்

பதில்: வேண்டாம். 400 சுற்றில் ஓடும் டிரில் ஒரு விநாடிக்கு ஆறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. கையுறையின் ஒரு நூல் மாட்டினால், இழுத்துக்கொள்ள நினைப்பதற்குள் விரல் அதோடு போய்விடும். சுருளைக் கையால் எடுக்காமல், மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷாலோ கொக்கியாலோ எடுங்கள். துளை போடும் பொருளை (ஜாப்) வைஸ் என்ற பிடிப்பானில் இறுக்குங்கள். கையால் பிடித்த ஜாப் டிரில்லோடு சேர்ந்து சுழன்று மணிக்கட்டை அடிக்கும்.

கேள்வி: சாயக் கழிவுநீர்த் தொட்டியில் சேறு எடுக்க ஆள் இறக்க வேண்டும். மெழுகுவத்தி இறக்கிப் பார்த்தால் போதுமா?
– சாயப்பட்டறை மேலாளர், திருப்பூர்

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொட்டியில் மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் சுடர் அணையாமலே ஆள் விழுவார். அழுகிய முட்டை வாசம் வந்தால் தெரியும் என்று நம்பவும் கூடாது, 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போகும், வாசம் நின்றுவிட்டதாகத் தோன்றும். முகத்தில் கட்டிய ஈரத் துண்டு வாயுவை நிறுத்தாது.

முடிந்தவரை பம்பாலும் சக்‌ஷன் லாரியாலும் வேலையை முடிக்கப் பாருங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவியால் மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. சேற்றைக் கிளறும்போதுதான் அடைந்திருக்கும் வாயு குபீரென்று வெளிவரும். அதனால் உள்ளே ஆள் இருக்கும்வரை காற்று ஊதும் புளோயரும் ஓட வேண்டும், அளவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டி வாயின் மேல் நிறுத்தும் முக்காலி, கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச், உடல் பெல்ட் மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். ஒருவர் மயங்கியதும் ‘அண்ணே!’ என்று பின்னாலேயே குதிக்கிற தம்பியும் சாகிறார். இந்த விபத்துகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மேலே நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உள்ளே இருப்பது கூடப்பிறந்தவராக இருந்தாலும் இறங்கக் கூடாது, வின்ச்சைச் சுற்ற வேண்டும், 101-ஐ அழைக்க வேண்டும்.